புகையிலை பதனிடல்

புகையிலை பதனிடல் என்பது, அறுவடை செய்த பச்சைப் புகையிலையின் நிறம், மணம், வேதியியல் இயல்பு ஆகியவை விரும்பியவாறு மாறும்படி அதனைக் கட்டுப்பாட்டுடன் மெதுவாக உலர்த்தும் செயல்முறை ஆகும். நீரை அகற்றுவது மட்டும் இதன் நோக்கம் அன்று. பறித்த இலையைச் சூடான அடுப்பில் இட்டுச் சில மணி நேரத்தில் உலர்த்திவிட முடியும். ஆனால் அவ்வாறு உலர்ந்த இலை பச்சையாகவே இருக்கும். புல் நாற்றம் வீசும். அதன் புகை தொண்டையை அறுக்கும். பறிக்கப்பட்ட பின்னரும் இலை சில நாட்கள் உயிருடன் இருக்கிறது. அந்தச் சில நாட்களை நீட்டிப்பதும், வேண்டிய இடத்தில் நிறுத்துவதுமே பதனிடும் கலை எனலாம்.

சிகரெட்டு, சுருட்டு, பீடி, மூக்குப்பொடி, மெல்லும் புகையிலை ஆகிய அனைத்தும் பெரும்பாலும் நிக்கோட்டியானா தபாக்கம் என்னும் ஒரே செடியினத்திலிருந்து கிடைப்பவை. இவற்றுக்கு இடையிலான வேறுபாட்டில் விதையின் வகைக்கும் மண்ணுக்கும் பங்கு உண்டு. எனினும், மிகப் பெரிய பங்கு பதனிடும் முறைக்கே உரியது. இலையில் எவ்வளவு சர்க்கரை எஞ்சும், புகை அமிலத்தன்மை கொண்டதாக இருக்குமா காரத்தன்மை கொண்டதாக இருக்குமா, புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் எவ்வளவு உருவாகும் என்பன போன்றவை உலர்த்தும் கொட்டகையிலேயே பெருமளவு முடிவாகின்றன.

இலைக்குள் நடக்கும் மாற்றங்கள்

பச்சைப் புகையிலையில் 80 முதல் 90 விழுக்காடு வரை நீர் உள்ளது. எனவே 100 கிலோகிராம் பச்சை இலையிலிருந்து கிடைக்கும் உலர்ந்த இலை 20 கிலோகிராமுக்கும் குறைவே. பதனிடுதலை மஞ்சளாதல், இலைத்தாள் உலர்தல், நடுநரம்பு உலர்தல் என மூன்று கட்டங்களாகப் பிரிப்பது வழக்கம்.

முதற் கட்டத்தில் இலை வாடினாலும் அதன் உயிரணுக்கள் தொடர்ந்து சுவாசிக்கின்றன. வேரிலிருந்து நீரோ உணவோ கிடைக்காத நிலையில், இலை தன் சேமிப்பையே செலவிடத் தொடங்குகிறது. மாவுப்பொருள் நொதிகளால் சர்க்கரையாக உடைகிறது. புரதங்கள் அமினோ அமிலங்களாகச் சிதைகின்றன. பச்சையம் அழிகிறது. பச்சையத்தால் மறைக்கப்பட்டிருந்த கரோட்டினாய்டு நிறமிகள் அப்போது வெளித்தெரிவதால் இலை மஞ்சளாகிறது. மரத்தில் முற்றிய இலை பழுப்பதும் இதே மாற்றமே.

இதன் பிறகு இரண்டு வழிகள் உள்ளன. மஞ்சளான இலையை விரைவாக உலர்த்தினால் நொதிகள் செயலிழந்து, சர்க்கரையும் மஞ்சள் நிறமும் அப்படியே நிலைபெறும். மாறாக, ஈரத்துடன் மேலும் பல நாட்கள் விட்டால் சர்க்கரை சுவாசத்தில் எரிந்து தீர்ந்துவிடும். குளோரோசெனிக் அமிலம் போன்ற பாலிபீனால்கள் உயிர்வளியேற்றம் அடைந்து, வெட்டிய ஆப்பிளைப் போல இலை பழுப்பு நிறமாகும். சிகரெட்டுக்கான வர்ஜீனியா இலை முதல் வழியிலும், சுருட்டு இலையும் பர்லி இலையும் இரண்டாம் வழியிலும் செல்கின்றன.

வேகம் இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மஞ்சளாகும் முன்னரே வெப்பத்தை ஏற்றினால் இலை பச்சையாகவே செத்துவிடும். பின்னர் எத்தனை நாள் வைத்தாலும் அப்பச்சை நிறம் மாறாது. ஈரப்பதம் மிகுந்து காற்றோட்டம் குறைந்தால் பூஞ்சணமும் அழுகலும் பிடிக்கும். ஓராண்டு உழைப்பின் விலை சில இரவுகளில் கூடவோ குறையவோ செய்வதால், பதனிடும் நாட்களில் உழவர்கள் கொட்டகை அருகிலேயே படுத்துறங்குவது பல நாடுகளில் காணப்படும் வழக்கம் ஆகும்.

காற்றில் உலர்த்தல்

இது மிகப் பழைய முறைகளுள் ஒன்று. இலைகள் தனித்தனியாகவோ முழுச் செடியாகவோ கோல்களில் தொங்கவிடப்பட்டு, நல்ல காற்றோட்டமும் நிழலும் உள்ள கொட்டகையில் நான்கு முதல் எட்டு வாரங்கள் வரை வைக்கப்படுகின்றன. செயற்கை வெப்பம் பொதுவாகப் பயன்படுவதில்லை. கொட்டகையின் பக்கப் பலகைகளைத் திறந்தும் மூடியும் ஈரப்பதம் ஒழுங்குபடுத்தப்படுகிறது. மழை நாளில் மூடுவதும் வறண்ட காற்றடிக்கும்போது திறப்பதும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் மிகவும் வறண்ட காற்று அடித்தால் இலை மஞ்சளாகவே காய்ந்துவிடும் என்பதால் அப்போதும் மூடவேண்டி வரும்.

கியூபாவின் வுவெல்தா அபாகோ பகுதியிலுள்ள புகையிலைக் கொட்டகைகள் கிழக்கு மேற்காக நீண்டவையாகக் கட்டப்படுகின்றன. காலை வெயிலும் மாலை வெயிலும் கொட்டகையின் குறுகிய முனைகளில் மட்டுமே படவேண்டும் என்பதே இதற்குக் காரணம். வெப்பமானி இல்லாத காலத்தில் வகுக்கப்பட்ட எளிய தீர்வு இது.

ஐக்கிய அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் விளையும் வெள்ளைப் பர்லி இம்முறையில் பதனிடப்படும் முதன்மை வகை ஆகும். 1864 ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்தில் சியார்சு வெப் என்னும் உழவர், வழக்கமான நாற்றுகளிடையே வெளிறிய நிறமுள்ள நாற்றுகள் முளைத்திருப்பதைக் கண்டு அவற்றைத் தனியாக வளர்த்தார். அவற்றிலிருந்தே இவ்வகை பரவியது. பதனிட்ட பர்லி இலையில் சர்க்கரை ஏறத்தாழ இல்லை. ஆனால் அது பஞ்சு போலத் திரவங்களை உறிஞ்சும். இதனால் அதிமதுரம், கொக்கோ, சர்க்கரைப் பாகு முதலியவற்றைச் சேர்க்க இது ஏற்றதாக அமைந்தது.

வெயிலில் உலர்த்தல்

துருக்கி, கிரேக்கம், பல்கேரியா, வட மாசிடோனியா ஆகிய நாடுகளில் விளையும் கீழைத்தேயப் புகையிலையின் இலை மிகச் சிறியது. இலைகளை நூலில் கோத்துச் சட்டங்களில் கட்டி வெயிலில் உலர்த்துகின்றனர். வறண்ட கோடையும் மெலிந்த மண்ணும் இவ்விலையின் மணத்துக்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. இந்தியாவில் குசராத்தின் சரோத்தர் பகுதியிலும் கருநாடகத்தின் நிப்பாணிப் பகுதியிலும் விளையும் பீடிப் புகையிலையும் வெயிலில் உலர்த்தப்படுவதே. திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களில் பெண்கள் வீட்டிலிருந்து சுற்றும் பீடிகளுக்கான தூள் இப்பகுதிகளிலிருந்தே வருகிறது.

புகையில் உலர்த்தல்

இம்முறையில் கொட்டகையின் தரையில் கட்டைகளையும் மரத்தூளையும் கனலவிட்டு, அப்புகை இலைகளின் மீது படும்படி செய்யப்படுகிறது. கென்டக்கி, டென்னசி மாநிலங்களின் கரும் புகையிலை இதற்கு எடுத்துக்காட்டு. இத்தாலியின் தொசுக்கானோ சுருட்டுகளும் இத்தகைய இலையில் செய்யப்படுபவை. சிரியாவின் துறைமுக நகரொன்றின் பெயரைத் தாங்கிய இலட்டாக்கியா புகையிலை, மணமுள்ள மரங்களின் புகையில் வாட்டப்படுவதால் ஏறத்தாழ கருமையாகிவிடுகிறது. இப்போது அது பெரும்பாலும் சைப்பிரசிலிருந்தே வருகிறது. விறகுப் புகையின் பென்சோபைரீன் போன்ற பல்வளைய அரோமாட்டிக்கு ஐதரோகார்பன்கள் இலையில் படிந்துவிடுவதால், இம்முறையில் பதனிட்ட இலையை எரிக்காமல் மென்றாலும்கூட அச்சேர்மங்கள் உடலுக்குள் செல்லும்.

சூட்டுக்குழாய் முறை

இன்று உலகில் விளையும் புகையிலையில் பெரும்பகுதி இம்முறையிலேயே பதனிடப்படுகிறது. இதன் தோற்றம் 1839 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள காசுவெல் கவுன்ரியில் நிகழ்ந்ததாகக் கூறப்படுகிறது. அங்கு அபிசா சிலேடு என்பவரின் பண்ணையில் அடிமையாக இருந்த சிடீபன் என்பவர் கொல்லு வேலையும் அறிந்தவர். மழை பெய்த ஓர் இரவில் கொட்டகைத் தீயைக் காத்துக்கொண்டிருந்த அவர் உறங்கிவிட்டார். விழித்தபோது தீ அணையும் நிலையில் இருந்தது. ஈர விறகு பற்றாது என்பதால், கொல்லுலைக்கு வைத்திருந்த மரக்கரியை அள்ளி வந்து தீயில் இட்டார். கரி புகையின்றிக் கடும் வெப்பத்தைத் தந்தது. இலைகள் பொன் மஞ்சளாக உலர்ந்தன. பண்ணையின் உரிமையாளர் பின்னர் இம்முறையைச் செம்மைப்படுத்திப் பிறருக்கும் கற்பித்தார்.

கரி நெருப்பைத் தரையில் திறந்து வைப்பதால் கொட்டகைகள் அடிக்கடி தீப்பிடித்தன. எனவே வெளியிலுள்ள அடுப்பிலிருந்து உலோகக் குழாய்கள் வழியாகச் சூட்டை உள்ளே செலுத்தும் அமைப்பு அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் பரவியது. புகை இலையைத் தொடாமல் கூரைக்கு வெளியே போய்விடும். அதுவரை மதிப்பற்றதாக இருந்த மணற்பாங்கான நிலங்களே இவ்விலைக்கு மிகவும் ஏற்றவை எனத் தெரியவந்ததும், அப்பகுதிகளின் பொருளாதாரமே மாறியது.

இம்முறையில் செடியை முழுதாக வெட்டாமல், அடியிலிருந்து மேல்நோக்கி, முற்றிய இலைகளை மட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு முதல் நான்கு வரை பறிக்கின்றனர். அவற்றைக் கோல்களில் கட்டிக் கொட்டகையில் அடுக்கடுக்காகத் தொங்கவிடுகின்றனர். முதலில் வெப்பநிலை ஏறத்தாழ 35 முதல் 38 பாகை செல்சியசு வரையில், மிகுந்த ஈரப்பதத்துடன் பேணப்படுகிறது. ஒன்று முதல் மூன்று நாட்களில் இலை மஞ்சளாகும். பின்னர் காற்றுவாயில்களைத் திறந்து, வெப்பத்தைச் சிறிது சிறிதாக 50 பாகைக்கு மேல் கொண்டுசென்று இலைத்தாளை உலர்த்துகின்றனர். இறுதியில் வாயில்களை மூடி 70 பாகைக்குச் சற்று மேல் வெப்பத்தை ஏற்றித் தடித்த நடுநரம்பை உலர்த்துகின்றனர். நடுநரம்பில் ஈரம் எஞ்சினால் பின்னர் கட்டுக்குள் பூஞ்சணம் பிடித்து முழுக் கட்டும் வீணாகும். மொத்தத்தில் ஐந்து முதல் ஏழு நாட்கள் ஆகும். ஈரக்குமிழ் வெப்பமானி, உலர்குமிழ் வெப்பமானி ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு ஈரப்பதம் கணிக்கப்படுகிறது. பழகிய உழவர்கள் இலையைக் கையால் தொட்டே இதனைக் கூறிவிடுவர்.

உலர்ந்து முடிந்த இலை அப்பளம் போல நொறுங்கும். அந்நிலையில் கோலை அசைத்தாலே இலை தூளாகிவிடும். எனவே தீயை அணைத்து, வாயில்களையும் கதவையும் இரவில் திறந்துவிட்டு, காற்றின் ஈரத்தை இலை மீண்டும் உறிஞ்சி நெகிழ்ந்த பின்னரே அதனை இறக்குகின்றனர்.

1950களில் வட கரோலினா அரசுப் பல்கலைக்கழகத்தில் மொத்த உலர்த்தல் முறை உருவாக்கப்பட்டது. இதில் இலைகளைக் கோலில் கட்டாமல் பெரிய சட்டங்களில் நெருக்கி அடைத்து, விசிறியால் சூடான காற்றை அவற்றினூடே செலுத்துகின்றனர். வேலையாட்களின் தேவை பெருமளவு குறைந்தது.

இந்தியாவில் சிகரெட்டு வர்ஜீனியா வகை 1920களில் குண்டூர் பகுதியில் பயிராகத் தொடங்கியது. ஆந்திரமும் கருநாடகத்தின் மைசூர் வட்டாரமும் இதன் முதன்மை நிலங்கள். 1975 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த புகையிலை வாரியம், பயிரிடுவோரைப் போலவே பதனிடும் கொட்டகைகளையும் பதிவு செய்கிறது. இந்த ஒரு பயிரில் நிலத்தைக் காட்டிலும் கொட்டகையே உழவரின் அளவுகோல் என்பது குறிப்பிடத்தக்கது.

அமிலப் புகையும் சிகரெட்டும்

சூட்டுக்குழாய் முறையின் உண்மையான விளைவு நிறத்தில் இல்லை. சர்க்கரை மிகுந்த இலை எரியும்போது அமிலங்கள் உண்டாகின்றன. அமிலச் சூழலில் நிக்கோட்டின் உப்பு வடிவில் இருப்பதால் அது தொண்டையை அதிகம் உறுத்துவதில்லை. எனவே அப்புகையை ஆழமாக நுரையீரலுக்குள் இழுக்க முடிகிறது. சுருட்டின் புகை இதற்கு எதிரானது. அது காரத்தன்மை உடையதாதலால் நிக்கோட்டின் கட்டற்ற வடிவில் வாயிலேயே உறிஞ்சப்படுகிறது. உள்ளிழுக்க முயன்றால் இருமல் வரும். வாயின் பரப்போடு ஒப்பிட நுரையீரலின் உட்பரப்பு மிகப் பெரியது. அங்கிருந்து நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை அடைகிறது.

1881 இல் சேம்சு பொன்சாக் சிகரெட்டுச் சுற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மென்மையான இலையும் மலிவான இயந்திரமும் ஒன்று சேர்ந்தன. 1913 இல் வெளிவந்த கேமல் சிகரெட்டு, வர்ஜீனியா, பர்லி, கீழைத்தேய இலை ஆகியவற்றைக் கலந்து செய்யப்பட்டது. இக்கலவை பின்னர் உலகெங்கும் பின்பற்றப்பட்டது. அறிவியல் வரலாற்றாளர் இராபர்ட்டு புரோக்டர், நவீன உற்பத்தித் தொழில் கண்டவற்றுள் மிகுந்த உயிர்களைக் கொன்ற கண்டுபிடிப்பு சூட்டுக்குழாய் முறையாகவே இருக்கக்கூடும் என்று வாதிட்டுள்ளார். புகையிலையால் ஆண்டுதோறும் 70 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் என்பதை நோக்கும்போது, இக்கூற்றை மிகை என எளிதில் தள்ளிவிட முடியாது.

நொதிக்க வைத்தல்

சுருட்டு இலைக்கு உலர்த்தலோடு வேலை முடிவதில்லை. உலர்ந்த இலையைச் சிறிது ஈரமாக்கிப் பெரிய குவியல்களாக அடுக்குகின்றனர். நுண்ணுயிர்களும் வேதிவினைகளும் குவியலின் உட்புறத்தைச் சூடாக்குகின்றன. வெப்பம் அளவுக்கு மீறும் முன் குவியலைப் பிரித்து, உள்ளிருந்த இலை வெளியேயும் வெளியிருந்தது உள்ளேயும் வருமாறு மீண்டும் அடுக்குவர். அம்மோனியா நெடி பறந்துபோகும். காரம் தணியும். ஐக்கிய அமெரிக்காவின் லூசியானாவில் செயின்ட் சேம்சு பகுதியில் செய்யப்படும் பெரீக் என்னும் வகையில், இலைகள் மரப் பீப்பாய்களில் திருகு அழுத்தத்தின் கீழ் ஏறத்தாழ ஓராண்டு தம் சாற்றிலேயே ஊறுகின்றன.

தமிழர் பகுதிகளில்

தமிழ்நாட்டில் திண்டுக்கல், வேதாரணியம், ஈரோடு வட்டாரங்கள் புகையிலைக்குப் பெயர் பெற்றவை. இங்கு பெரும்பாலும் மெல்லும் வகையும் சுருட்டு வகையும் விளைகின்றன. செடியை வெட்டி வயலிலேயே வாடவிட்டு, பின்னர் வெயிலில் தொங்கவிட்டு உலர்த்தி, இறுதியில் குவியலாக அடுக்கி நொதிக்க வைப்பது பொதுவான முறை. ஆங்கிலத்தில் சுருட்டைக் குறிக்கும் 'செரூட்' என்னும் சொல் தமிழின் 'சுருட்டு' என்பதிலிருந்து சென்றதே. 19 ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இங்கிலாந்து வரை அறியப்பட்டிருந்தது. 1887 இல் வெளிவந்த முதலாவது சேர்லக் ஓம்சு புதினத்திலேயே அதன் சாம்பல் ஒரு தடயமாக வருகிறது. அச்சுருட்டுகளுக்கான இலையின் பெரும்பகுதி திண்டுக்கல் பக்கத்து வயல்களிலிருந்து வந்தது.

யாழ்ப்பாணத்தில் புகையிலை நீண்ட காலம் முதன்மைப் பணப்பயிராக விளங்கியது. ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலை கடல் வழியாகத் திருவிதாங்கூருக்குச் சென்றது. மெல்லும் வகையைத் தேங்காய் மட்டைப் புகையில் வாட்டிப் பதனிடுவது இங்குள்ள சிறப்பு. தென்னிலங்கையின் சிறு நகரங்களில் யாழ்ப்பாண வணிகர்கள் நடத்திய சுருட்டுக்கடைகள் இவ்விலையின் தொடர்ச்சியே ஆகும்.

நைட்ரசமைன்கள்

பச்சை இலையில் புகையிலைக்கே உரிய நைட்ரசமைன்கள் மிகக் குறைவு. அவை பெரும்பாலும் பதனிடும்போதும் அதன் பின்னரும் உண்டாகின்றன. இலையிலுள்ள நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டு, நிக்கோட்டின் மற்றும் நார்நிக்கோட்டினுடன் வினைபுரிகிறது. இவ்வாறு உருவாகும் என்என்என், என்என்கே ஆகிய இரண்டையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை என்னும் முதற் பிரிவில் சேர்த்துள்ளது.

சூட்டுக்குழாய் முறையில் நுண்ணுயிர்களுக்கு நேரம் குறைவு என்பதால் நைட்ரசமைன்களும் குறைவாக இருந்தன. ஆனால் 1970களில் அமெரிக்க உழவர்கள், குழாய்களைக் கைவிட்டு, எரிவாயு அடுப்புகளின் சூட்டை நேரடியாகக் கொட்டகைக்குள் விடத் தொடங்கினர். எரிபொருள் மிச்சமாயிற்று. ஆனால் சுடரில் உண்டான நைட்ரசன் ஆக்சைடுகள் இலையோடு வினைபுரிந்து நைட்ரசமைன்களைப் பெருக்கின. காரணம் உணரப்பட்டதும், 2000 ஆம் ஆண்டையொட்டி வெப்பமாற்றிகள் பொருத்தப்பட்டன. அளவும் பெரிதும் குறைந்தது. பர்லி வகையில், நிக்கோட்டினை நார்நிக்கோட்டினாக மாற்றும் இயல்பு குறைந்த விதைகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. சுவீடனின் சுனூசு நொதிக்க வைக்கப்படாமல் வெப்பத்தால் பதப்படுத்தப்படுவதால் அதில் இவை குறைவு. சூடானின் நொதித்த தூம்பாக்கில் இவை மிக அதிகம். எனினும் நைட்ரசமைன் குறைந்த இலை தீங்கற்ற இலை அன்று. எந்த இலையானாலும் எரியும்போது வேறு பல நச்சுப் பொருட்கள் உண்டாகின்றன.

தொழிலாளரும் காடும்

அறுவடையின்போதும், இலையைக் கோலில் கட்டும்போதும், ஈர இலையிலிருந்து நிக்கோட்டின் தோல் வழியாக உடலில் ஊடுருவுகிறது. இதனால் வாந்தி, தலைச்சுற்றல், தலைவலி, தளர்ச்சி ஆகியவை உண்டாகின்றன. பச்சைப் புகையிலை நோய் எனப்படும் இது 1970 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் முதன்முதலாக மருத்துவ இலக்கியத்தில் விவரிக்கப்பட்டது. பனி ஈரம் உலர்ந்த பின் பறிப்பதும், கையுறையும் நீர்புகா ஆடையும் அணிவதும் இதனைத் தடுக்கும். வெப்ப நாடுகளில் அத்தகைய ஆடையுடன் நாள் முழுதும் வயலில் நிற்பது எளிதன்று. உடல் எடை குறைந்த சிறுவர்கள் விரைவில் பாதிக்கப்படுகின்றனர்.

சூட்டுக்குழாய் முறைக்கு ஏராளமான எரிபொருள் தேவை. அமெரிக்காவில் அது எரிவாயு. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் அது காட்டு மரம். சிம்பாப்வேயில் பெரும் பண்ணைகள் நிலக்கரியைப் பயன்படுத்தி வந்தன. 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய நிலச் சீர்திருத்தத்துக்குப் பின் புகையிலைக்கு வந்த சிறு உழவர்களில் பலர், கரி வாங்க இயலாமல் அருகிலுள்ள காடுகளையே நாடினர். மலாவியில், குறைந்த விறகில் நன்றாக எரியும் ராக்கெட் அடுப்பின் தத்துவத்தில் அமைந்த கொட்டகைகள் வடிவமைக்கப்பட்டன. காற்றில் உலரும் பர்லிக்கு விறகு வேண்டுவதில்லை என்றாலும், ஆண்டுதோறும் கொட்டகை கட்டக் கழிகள் தேவைப்படுவதால் அதுவும் மரத்தைச் செலவிடாத பயிர் அன்று.